நல்ல அப்பா குறி தப்பும் இடம்: மேடை நாடகத்தில் தந்தையின் செருக்கு

மேடையில் ஓர் அப்பா மகனிடம் இரைகிறார்: "இந்த வீட்டில் நான் சொல்வதுதான் நடக்கும்." பார்ப்பவர்களுக்கு அவர்மேல் எரிச்சல் வருகிறது. அதே மனிதர் வெள்ளிக்கிழமை சம்பளத்தை ஒரு காசு எடுக்காமல் மனைவி கையில் வைத்தவர் என்பது நினைவுக்கு வந்ததும் அந்த எரிச்சல் தடுமாறுகிறது. குடும்பத் துன்பியல் நாடகம் பிழைப்பது இந்தத் தடுமாற்றத்தில்தான். அப்பா வெறும் கெட்டவராக இருந்தால் அவரை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வெறும் நல்லவராக இருந்தால் நாடகமே இல்லை. நடுவில் நிற்கும் மனிதரை எப்படி உருவாக்குகிறார்கள், அவருடைய செருக்கு எங்கிருந்து வருகிறது, அது குடும்பத்தை எந்த வழியில் உடைக்கிறது என்பதைப் புதிதாக நாடகம் படிப்பவருக்கும் எழுத முயல்பவருக்கும் ஏற்றபடி இங்கே பார்க்கலாம்.

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம். இந்த வகை நாடகங்களைப் பற்றிப் பேசும்போது 'பெருமை', 'கர்வம்', 'ஆணவம்', 'வறட்டு கௌரவம்' என்று பல சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறோம். நமக்கு வேண்டிய வேறுபாட்டைக் குறள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. 431ஆம் குறளில் செருக்கு, பெருமிதம் இரண்டும் வருகின்றன. செருக்கு இல்லாதவர்களின் வளர்ச்சிதான் பெருமிதம் உடையது என்கிறார் வள்ளுவர். ஒன்று களைய வேண்டியது, இன்னொன்று அடைய வேண்டியது. தொல்காப்பியமோ பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுகளில், ஒன்றாக வைத்து, அது கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. பெருமிதத்துக்கு ஒரு காரணம் இருக்கும். அந்த மனிதர் எதையோ செய்திருப்பார், தாங்கியிருப்பார், கொடுத்திருப்பார்.

மேடை அப்பாவின் கதை, பெருமிதம் செருக்காகத் திரியும் கதை. இரண்டுக்கும் வேர் ஒன்று. அவரை நிமிர்ந்து நிற்க வைத்த அதே சம்பவம்தான் பின்னால் அவரை வளைய விடாமலும் செய்கிறது. நல்ல குணம் ஒரு பக்கம், கெட்ட குணம் ஒரு பக்கம் என்று தராசில் வைத்து எழுதிய அப்பா மேடையில் நிற்க மாட்டார். 'கோபக்காரர், ஆனால் உள்ளுக்குள் பாசக்காரர்' என்ற வழக்கமான வார்ப்பு சலிப்புத் தட்டுவதற்குக் காரணமும் இதுதான். அதில் கோபத்துக்கும் பாசத்துக்கும் ஒட்டுறவே இல்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் இதற்கு அடித்தளம் போட்டார். துன்பியலின் நாயகன் மிக உத்தமனாகவும் இருக்கக் கூடாது, அயோக்கியனாகவும் இருக்கக் கூடாது. தீய குணத்தால் விழாமல், ஒரு பிழையால் விழ வேண்டும். அந்தப் பிழைக்கு அவர் சொன்ன சொல் ஹமார்த்தியா. அதன் வேர்ப்பொருள் எறிந்த படை இலக்கைத் தவறவிடுவது. தமிழில் 'குறி தப்புதல்' என்றால் அப்படியே பொருந்துகிறது. பாடப்புத்தகங்கள் இதைக் 'குணக்குறை' என்று மொழிபெயர்த்து, மாணவர்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குறையைத் தேடி எழுதும்படி ஆக்கிவிட்டன. குறி தப்புதல் என்று வைத்துக்கொண்டால் கேள்வியே மாறிவிடும். இந்த அப்பா எதைக் குறி வைத்தார்? ஏன் தப்பியது? பெரும்பாலும் குறி நல்லதாகவே இருக்கும். பிள்ளையைக் காப்பாற்றவோ வீட்டைக் கட்டிக்காக்கவோதான் நினைத்திருப்பார்.

அடுத்த அதிகாரத்தில் இன்னொன்று சொல்கிறார். எதிரியை எதிரி கொன்றால் பெரிதாக இரக்கம் வராது. நெருங்கிய உறவுகளுக்குள் கேடு நடக்கும்போதுதான் துன்பியல் முழு வலுவோடு வருகிறது. காரணம் எளிது. முதலாளியோடு ஒத்துவராவிட்டால் வேலையை விடலாம், நண்பனோடு ஒத்துவராவிட்டால் ஒதுங்கலாம். அப்பன் பதவியிலிருந்தும் பிள்ளை பதவியிலிருந்தும் யாரும் விலக முடியாது. வீட்டை விட்டு ஓடிப்போன மகனும் மகன்தான்.

செருக்கை மேடையில் எப்படிக் காட்டுவது? 'நான் ரொம்ப ரோஷக்காரன்' என்று அப்பாவே சொன்னால் அது வெறும் தகவல். செருக்கு கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மறுப்பாகத்தான்: வாங்க மறுப்பது, கேட்க மறுப்பது, மன்னிப்புச் சொல்ல மறுப்பது. 1949இல் மேடையேறிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் விற்பனையாளரான வில்லி லோமன், பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, அதைச் சம்பளம் என்று மனைவியிடம் காட்டுகிறார். அதே சார்லி வேலை தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். கடன் வாங்கலாம், அது தற்காலிகம். வேலையை ஏற்றால் சார்லி ஜெயித்தார், நான் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வசனத்தில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமலே அந்த ஒரு மறுப்பில் மனிதர் முழுசாகத் தெரிந்துவிடுகிறார்.

ஷேக்ஸ்பியரின் லியர் அரசர் எண்களாலேயே உடைக்கப்படுகிறார். நாட்டை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தமக்கென்று 100 வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மகள் வீட்டிலும் மாதம் மாறி மாறித் தங்குவதாக ஏற்பாடு. மூத்தவள் கானரில் அதை 50 ஆக்குகிறாள். கோபித்துக்கொண்டு ரீகனிடம் வருகிறார். அவள் 25 பேருக்குமேல் இடமில்லை என்கிறாள். உடனே லியர் கானரில் பக்கம் திரும்பி, உன்னுடைய 50, இவளுடைய 25க்கு இரண்டு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரண்டு மடங்கு என்கிறார். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் காட்சியில் மகள்களின் அன்பை வார்த்தையால் அளந்து நிலத்தைப் பிரித்தவர் இவர். அன்பை அளக்க மறுத்து, சொல்ல ஒன்றுமில்லை என்ற கடைசி மகள் கார்டீலியாவைத் துரத்தியவர். அந்த அளவுகோலையே மகள்கள் இப்போது அவர்மேல் வைக்கிறார்கள். 25 எதற்கு, 10 எதற்கு, 5 எதற்கு என்று கானரில் கேட்க, ஒன்றுதான் எதற்கு என்று ரீகன் முடிக்கிறாள். 100 பேர் இருந்தால்தான் அவர் அரசர், அதுதான் அவருடைய பிடிமானம். ஒவ்வொரு எண் குறையும்போதும் பார்ப்பவர் மனம் அவர் பக்கம் ஓரடி நகர்கிறது. முதல் காட்சியில் அவரை வெறுத்தவர்கள்கூடப் புயலில் அவரை வெளியே விடும்போது பதறுகிறார்கள். அப்பாவின் தவறை மறைக்காமலே அவர்மேல் இரக்கம் வரவைக்க இந்தப் படிப்படியான பறிப்பைப் போல நல்ல உத்தி குறைவு.

குடும்பச் சண்டை நகரும் விதத்தைப் படிக்க, கி.மு. 441ஐ ஒட்டிய காலத்தில் சோஃபக்ளீஸ் எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்தில் அப்பா கிரியோனும் மகன் ஹேமோனும் மோதும் காட்சி போதும். உள்நாட்டுப் போர் முடிந்து அரியணைக்கு வந்திருக்கும் கிரியோன், துரோகியின் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று ஆணையிடுகிறார். அதை மீறிய ஆன்டிகனி அவருடைய மருமகள் முறை, மகனுக்கு நிச்சயித்த பெண். ஹேமோன் மிகப் பணிவாகத்தான் ஆரம்பிக்கிறான். அப்பா, நான் உங்கள் பிள்ளை என்கிறான். ஊர் என்ன முணுமுணுக்கிறது என்று சொல்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கிளையோடு தப்பும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்று உவமை சொல்கிறான். அதுவரை பேச்சு விஷயத்தைப் பற்றியது.

கிரியோனின் பதில் பேச்சைத் திசைதிருப்புகிறது: இந்த வயதில் நான் இவனிடம் பாடம் கேட்க வேண்டுமா? அந்த வரியோடு பிணம், சட்டம், ஊர் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. இனி பெரியவன் யார் என்பதே சண்டை. பிறகு பேச்சு ஒற்றை ஒற்றை வரியாகச் சுருங்கி வேகம் பிடிக்கிறது. ஒரு பெண்ணுக்கு அடிமையாகிவிட்டாய் என்று மகனை ஏசுகிறார். கடைசியில், அவன் கண்முன்னே அவளைக் கொல்லச் சொல்கிறார். மகன் வெளியேறுகிறான். விஷயம், வயது, ஏசல், மிரட்டல், வெளியேற்றம் என்ற இந்த இறக்கத்தைப் பெரும்பாலான அப்பா–பிள்ளை காட்சிகளில் பார்க்கலாம். காட்சி எழுதும்போது முதல் வரியிலேயே ஏசலுக்குப் போய்விட்டால் இறங்கப் படிகளே இருக்காது. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மகன் மரியாதையோடு தொடங்க வேண்டும், அவன் சொல்வதில் நியாயம் இருக்க வேண்டும், அப்பாவும் ஒரு கணம் கேட்பது போலத் தெரிய வேண்டும். அந்த ஒரு கணம் இருந்தால்தான் அதைத் தவறவிடும்போது வலிக்கும்.

கிரியோன் பிறகு மனம் மாறுகிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் போய்ப் பிணத்தைப் புதைக்கிறார், அதற்குப் பிறகே பெண்ணை அடைத்த குகைக்குப் போகிறார். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். மகன் அவர்மேல் வாளை வீசித் தவறி, அதே வாளைத் தன்மேல் பாய்ச்சிக்கொள்கிறான். மனைவியும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். திருந்தாததால் அழிவு வந்தது என்றால் அது நீதிக்கதை. திருந்தியும் நேரம் கடந்துவிட்டது என்றால் துன்பியல். அப்பாவுக்கு உண்மை புலப்படும் நேரமும் அது பயன்படக்கூடிய நேரமும் ஒன்றாக அமைந்துவிடக் கூடாது.

இந்தக் கருத்துகள் எல்லாம் ஒரே நாடகத்தில், அரசரும் படையும் இல்லாமல், ஒரு சாதாரண வீட்டு முற்றத்தில் கூடிவருவதைப் பார்க்க ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' உதவும். 1985இல் யேல் அரங்கில் முதலில் மேடையேறி, 1987இல் பிராட்வேக்கு வந்து புலிட்சர் பரிசு பெற்ற நாடகம். 'வேலிகள்' என்று பொருள். கதை நடப்பது 1957இல், பிட்ஸ்பர்க் நகரில்.

டிராய் மேக்ஸனுக்கு வயது 53. குப்பை வண்டித் தொழிலாளி, கறுப்பினத்தவர். இளமையில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீகில் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர். வெள்ளையர் மட்டுமே ஆடிய மேஜர் லீகில் ஜாக்கி ராபின்சன் நுழைந்து அந்தத் தடை உடைந்தது 1947இல். அப்போது டிராய்க்கு நாற்பது தாண்டிவிட்டது. திறமை இருந்தும் நிறம் தடுத்தது. நிறத் தடை போனபோது வயது தடுத்தது. அவருடைய பெருமிதம், செருக்கு இரண்டுக்கும் வேர் இந்த ஒரே உண்மை.

பெருமிதப் பக்கத்தை வில்சன் முதலில் காட்டுகிறார். கறுப்பர்கள் குப்பைத் தொட்டி தூக்க, வெள்ளையர்கள் மட்டும் ஏன் வண்டி ஓட்ட வேண்டும் என்று கேட்டுப் போராடி டிரைவர் ஆகிறார் டிராய். சம்பள நாளில் 76 டாலர் 42 சென்ட்டை மனைவி ரோஸ் கையில் கொடுக்கிறார். பிறகு, அதே முதுகெலும்பு மகன்மேல் திரும்புகிறது. மகன் கோரிக்குக் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து உதவித்தொகையோடு இடம் கிடைக்கும் வாய்ப்பு வருகிறது. டிராய் கையெழுத்துப் போட மறுத்து, பயிற்சியாளரிடம் போய் அவன் இனி ஆட மாட்டான் என்று சொல்லிவிடுகிறார். வெள்ளைக்காரன் உன்னை அந்த ஆட்டத்தில் எங்கேயும் போக விட மாட்டான், கையில் ஒரு தொழில் கற்றுக்கொள் என்பது அவர் வாதம். குறி நல்லது, தாம் பட்ட ஏமாற்றம் மகனுக்கு வரக் கூடாது. தப்பியது ஏன்? 1957ஐத் தம் இளமைக் காலத்தின் கண்ணால் பார்க்கிறார். காலம் மாறிவிட்டது என்று ரோஸ் சொல்கிறாள். அதை ஒப்புக்கொண்டால், தாம் கொஞ்சம் முன்னால் பிறந்ததால்தான் தோற்றோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவரால் முடியாது. தன்னைவிட மகன் மேலே போய்விடுவான் என்ற பயமும் இதில் கலந்திருக்கிறது என்று மகன் நினைக்கிறான். எது எவ்வளவு என்று நாடகம் தீர்ப்புச் சொல்லவில்லை. நடிகர் இரண்டையும் சுமக்க வேண்டும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாத்திரம் மெலிந்துவிடும்.

முதல் அங்கத்தில் கோரி அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: உங்களுக்கு ஏன் என்னைப் பிடிப்பதே இல்லை? டிராய்க்குக் கேள்வியே புரியவில்லை. பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று திருப்பிக் கேட்கிறார். தினமும் சாப்பிடுகிறாயா, தலைக்குமேல் கூரை இருக்கிறதா, உடுத்தத் துணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம் ஐயா' என்று சொல்ல வைக்கிறார். எனக்கு உன்னைப் பிடித்ததால் இதையெல்லாம் செய்யவில்லை, நீ என் மகன், உனக்குச் செய்வது என் கடமை என்கிறார். முதலாளி எனக்குச் சம்பளம் தருவது என்னைப் பிடித்ததாலா, தர வேண்டிய பாக்கி என்பதால் என்கிறார். இதைக் கொடூரம் என்று எடுத்து நடித்தால் காட்சி பாழ். டிராய் தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த பரிசை மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிடித்தம் நாளைக்கு மாறலாம், கடமை மாறாது என்பது அவர் வாழ்ந்து கண்ட உண்மை. மகன் கேட்டது வேறு பண்டம். இருவரும் பேசுவது அன்பைப் பற்றித்தான், ஆனால் ஆளுக்கொரு நாணயத்தில் கணக்குப் பார்க்கிறார்கள்.

அந்தக் கடமைக்காரர் வேறொரு பெண்ணோடு உறவு வைத்து, அவளுக்குக் குழந்தை பிறக்கப்போவதை மனைவியிடம் சொல்லும்போது, அந்த வீட்டின் அளவுகோலே நொறுங்குகிறது. அந்தப் பெண் பிரசவத்தில் இறந்துபோகிறாள். குழந்தையை ஏந்திவரும் டிராயிடம், இந்தக் குழந்தைக்கு இனித் தாய் உண்டு, உனக்கு மனைவி இல்லை என்று சொல்லி ரோஸ் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். இந்த வகை நாடகங்களில் அம்மா பாத்திரத்தைச் சமாதானத் தூதுவராக மட்டும் எழுதிவிடுகிறார்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஓடி ஓடி, இருவரையும் சாப்பிடக் கூப்பிடுவதோடு அவள் வேலை முடிந்துவிடும். ரோஸுக்குத் தனியாக இழப்பு உண்டு, அதைப் பேச ஒரு காட்சி உண்டு, தனியாக ஒரு முடிவும் உண்டு. அதனால்தான் அவள் கடைசியில் டிராயைப் பற்றிச் சொல்வதை நாம் நம்புகிறோம்.

மேடைப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். தலைப்பில் இருக்கும் வேலியை ரோஸ் கட்டச் சொல்கிறாள், டிராய் நாடகம் முழுக்கத் தள்ளிப்போடுகிறார். சிலர் வேலி கட்டுவது வெளியாரைத் தடுக்க, சிலர் கட்டுவது தம்மவரை உள்ளே வைத்துக்கொள்ள என்று நண்பர் போனோ எடுத்துச் சொல்கிறார். இப்படி ஒரு பொருளை எடுத்தால் மூன்று நிலையாவது அதற்கு இருக்க வேண்டும். இங்கே மரம் அறுக்கும் நிலை, பாதி வேலி, முழு வேலி. முழு வேலி எப்போது வருகிறது என்று பாருங்கள்.

டிராய் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். கோரி உள்ளே போக வேண்டும். வழியை மறித்து உட்கார்ந்திருப்பவர் நகரவில்லை. 'கொஞ்சம் வழி விடுங்க' என்று நீ சொல்ல வேண்டாமா என்கிறார். உதவித்தொகையும் துரோகமும் இத்தனை வருடக் கசப்பும் வெடிப்பது அந்தச் சின்ன மரியாதைச் சொல்லில். பேச்சு வளர்ந்து, பேஸ்பால் மட்டை மகன் கைக்கு வந்து, அப்பா கைக்கு மாறுகிறது. டிராய் அடிக்காமல் நிறுத்திக்கொள்கிறார், ஆனால் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார். என் சாமான்களை எடுக்க வருவேன் என்கிறான் மகன். அவை வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் என்கிறார் அப்பா. குடும்பத்தை உள்ளே வைத்துக்கொள்ளக் கட்டிய வேலி, முடிந்த உடனே மகனை வெளியே வைக்கும் கோடாகிவிட்டது. டிராயும் 14 வயதில் தம் அப்பாவோடு அடிபட்டு வீட்டை விட்டு வந்தவர்தான், அதை அவர் வாயாலேயே நாம் முன்பு கேட்டிருக்கிறோம்.

இனி, இப்படி ஒரு நாடகத்தைக் கையில் எடுத்தால் எப்படிப் படிப்பது? மூன்று முறை படிப்பது நல்லது. முதல் முறை கதைக்காக, குறிப்பெடுக்காமல். இரண்டாம் முறை பென்சிலோடு, அப்பா மறுக்கும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். லயன்ஸ் என்ற மூத்த மகன் வாங்கிய 10 டாலரைத் திருப்பிக் கொடுக்க வரும்போது டிராய் வாங்க மாட்டேன் என்பது போன்ற சின்ன மறுப்புகளையும் விடாதீர்கள், அவைதான் அதிகம் சொல்லும். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில், ஏற்றிருந்தால் அவர் எதை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்தாறு வரிகள் சேர்ந்ததும் அவை ஒரே பயத்தைச் சுட்டத் தொடங்கும். அதுதான் வேர். மூன்றாம் முறை பிள்ளையின் பக்கத்திலிருந்து படியுங்கள். பிள்ளைக்கும் ஒரு பொய், ஒரு பிடிவாதம் இருக்கும். கடையில் பகுதிநேர வேலையை விடவில்லை என்று கோரி அப்பாவிடம் சொல்வது உண்மையில்லை. பிள்ளை முழு நியாயமாக இருந்தால் அது நீதிமன்றம் ஆகிவிடும்.

ஒத்திகையில் கெட்டுப்போகும் இடங்களும் இவற்றை ஒட்டியே வரும். அப்பா வேடம் போடுபவர் முதல் காட்சியிலிருந்தே உரத்த குரலில் போனால், உடைய வேண்டிய காட்சிக்குக் குரல் மிச்சமிருக்காது. அவருக்குச் சிரிப்பு வேண்டும், கதை சொல்லும் சுகம் வேண்டும், வீட்டார் அவரைச் சுற்றி உட்கார ஆசைப்படும் ஒரு பொழுதாவது வேண்டும். அப்போதுதான் பின்னால் அவரைச் சுற்றி யாருமில்லாமல் போவது தெரியும். கடைசிக் காட்சியில் அப்பா அழுது மன்னிப்புக் கேட்கும்படி திருத்தும் ஆசையும் பலருக்கு வரும். லியர் மண்டியிடுகிறார், உண்மைதான். அதற்கு முன் அவரிடமிருந்து புத்தி உட்பட எல்லாம் போயிருந்தது. அந்த விலை கொடுக்காத மன்னிப்பு மேடையில் எடுபடாது.

டிராய் மன்னிப்புக் கேட்பதே இல்லை. கடைசிக் காட்சி 1965, அவருடைய இறுதிச் சடங்கு நாள். கடற்படைக் காலாட்படைச் சீருடையில் வந்து நிற்கும் கோரி, அப்பாவின் சடங்குக்கு வர மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்கிறான். வாழ்க்கையில் ஒருமுறையாவது அவருக்கு 'முடியாது' என்று சொல்ல வேண்டும் அவனுக்கு. அப்பாவிடமிருந்து வந்த சொத்து அந்த மறுப்பு. ரோஸ் கணவரின் நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் மகனுக்குச் சொல்கிறாள். பிறகு, அந்த வேறொரு பெண்ணின் குழந்தை, இப்போது ஏழு வயதான ரேய்னல், முற்றத்துக்கு வருகிறாள். அப்பா பாடும் ஒரு நாய்ப் பாட்டு அவளுக்கும் தெரியும், கோரிக்கும் தெரியும். அப்பாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்த பாட்டு. இருவரும் சேர்ந்து பாடி முடித்ததும் கோரி தங்கையிடம், உள்ளே போய் அம்மா சொன்ன மாதிரி செருப்பை மாற்றிக்கொண்டு வா, அப்பா சடங்குக்குப் போகலாம் என்கிறான். மனம் மாறியதற்கு அதைத் தவிர வேறு வசனம் இல்லை. கோரியாக நடிப்பவர் அந்த வரியில் நிறுத்தக் கூடாது, அழுத்தவும் கூடாது. செருப்பைப் பற்றிச் சொல்வது போலவே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.